கடைமடைக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர்

மணற்குடி, குத்தாலம் வழி
7.4.1998

சகாயராஜுக்கு அருள்மேரி எழுதுவது.

'அன்புள்ள தம்பி' என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான்.

நேற்று புது மதகு கட்டுகிற இடத்துக்கு ஜீப்பில் வந்தாய். நான் புல்லுக்கட்டோடு வரப்பில் நின்றிருந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. பார்த்துவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாய். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாய்.

தஞ்சாவூர் வந்து இறங்கியதும் கடிதம் போட்டவன் நீ. "இருபது வருஷம் கழித்து வருகிறேன் அக்கா, மணற்குடியில் முதல் சாப்பாடு உங்கள் வீட்டில்தான்" என்று. உன் அத்தான் ரெமிஜியஸ் வேலைக்குப் போகாமல் விரால் பிடித்து வந்தார். குழம்பு வைத்துவிட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். நீ இராஜாங்கம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டாயாம். அந்த வெள்ளைக்காரப் பையனும் நீயும் கூடத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

எந்த வீடு என்று தெரிந்துதான் போனாயா? உன் தாத்தா பெரியநாயகசாமியும் என் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். இராஜாங்கத்தின் அப்பா பண்ணையில் சாட்டையடி வாங்கித்தான் உன் தாத்தா காரைக்காலுக்கு ஓடினார். ஓடினதால் உன் அப்பா காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அதனால் நீ பிரெஞ்சுக்காரன். அந்தக் கூடத்துக்குள் நம் தெரு ஆள் ஒருவர்கூட இன்றுவரை காலெடுத்து வைத்ததில்லை. நீ வைத்திருக்கிறாய், தெருவை மறைத்து. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பொய் சொல்லியிருக்கிறாய். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வா.

இன்னொரு விஷயம். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. புது மதகில் தண்ணீர் போக இரண்டு கண் வைக்கிறார்கள். ஒன்று இராஜாங்கம் பக்கத்து வாய்க்காலுக்கு, ஒன்று கடைமடைக்கு, அதாவது எங்களுக்கு. எங்கள் கண்ணின் தரை உயரமாக இருக்கிறது. கம்பி கட்டியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் எல்லாம் அவர் பக்கம் போய்விடும். நாற்பது குடும்பத்து நாற்றங்கால் காயும். நீதானே தண்ணீர் இன்ஜினியர்? அதையாவது செய்.

அருள்மேரி


தஞ்சாவூர்
14.4.1998

அக்கா,

பார்த்தேன். ஷூ கயிற்றையும் கட்டினேன். போதுமா?

இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு எங்கள் பிரெஞ்சுக் கம்பெனி அனுப்பிய தலைமைப் பொறியாளர் நான். ஒன்பது வருஷ அனுபவம். லூக் என்கிற அந்தப் பையனுக்கு இருபத்து நான்கு வயது, பயிற்சிக்கு வந்தவன். கணினியில் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவான். மதகை அவன் முதன்முதலில் பார்த்ததே மணற்குடியில்தான். நல்ல பையன். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆனால் ஜீப் நின்றதும் மாலை அவன் கழுத்துக்குப் போகிறது. என்னிடம், "டிரைவர் தம்பி, வண்டிய நெழல்ல போடுங்க" என்கிறார்கள். தங்குகிற விடுதியில் அவனுக்கு "குட்மார்னிங் சார்". எனக்கு, "சாரோட ரூம் பக்கம் என்ன வேல?" பெரிய கோயில் வாசலில் ஒருவர் என் சட்டையைப் பிடித்து, வெள்ளைக்காரரைச் சுற்றிக்காட்ட லைசென்ஸ் இருக்கிறதா என்றார். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதை வாங்கி லூக்கிடம் கொடுத்து, "சார், இது உங்களுதா?" என்று கேட்டார்.

இராஜாங்கம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது லூக்கை. நான் மொழிபெயர்க்கப் போனேன். வாசலிலேயே ஆரம்பித்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" பிரான்ஸ் என்றேன். "அது சரி. பூர்வீகம்?" காரைக்கால். "காரைக்கால்ல எந்தப் பக்கம்? தெரு பேரு?" லூக்கிடம் ஒரு கேள்வி கிடையாது. அவன் அப்பா அங்கே பன்றி மேய்க்கிறார். அது யாருக்கும் வேண்டாம். நான் இருக்கிற லியோனில் என்னை "உண்மையில் நீ எந்த நாடு?" என்று கேட்பார்கள். இங்கே "உண்மையில் நீ எந்தத் தெரு?" அலுத்துவிட்டது, அக்கா. ஏதோ ஒரு தெருப் பெயரைச் சொன்னேன். இலை போட்டார்கள். சாப்பிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நம் தெற்குத்தெரு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மதகைப் பற்றி நான் எது சொன்னாலும் 'தன் சாதிக்குப் பேசுகிறான்' என்று முடித்திருப்பார்கள்.

நீங்கள் சொன்ன தரையை அன்றே அளந்துவிட்டேன். பழைய தரையைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதும் நான் கருவியால் பார்த்ததும் ஒன்றுதான். வரைபடத்தில் பிழை. பிழையா, யாராவது செய்வித்ததா என்று தெரியவில்லை. இங்கே வேலையை நடத்துகிற உதவிப் பொறியாளர் சாமிதுரைக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். பதில் இல்லை. பொறுமையாக இருங்கள்.

சகாயராஜ்


மணற்குடி
18.4.1998

சகாயராஜுக்கு,

பொறுமையாக இருந்தேன். நேற்று கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

நான் போய்க் கேட்டேன். "ஐயா, எங்க கண்ணு ஒசரமா இருக்கே" என்றேன். சாமிதுரை சிரித்தார். "ஏம்மா, பிரான்ஸ்லேருந்து வந்து வெள்ளக்காரன் பிளான் பாத்துட்டுப் போயிருக்கான். பால்வாடி டீச்சர் நீ வந்து லெவல் பாக்குறியா?" கூட நின்ற ஆள்களும் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அழவில்லை.

நீ எழுதின மூன்று கடிதமும் அவர் மேஜையில் காபித் தம்ளருக்கு அடியில் கிடக்கிறதாம். அங்கே பெருக்குகிற பொம்பளை சொன்னாள்.

உனக்கு வலித்ததை எழுதியிருக்கிறாய். படித்தேன். டிரைவர் என்று நினைத்தார்களாம். இங்கே எங்களை என்ன என்று நினைக்கிறார்கள் என்பதைத் தினமும் கேட்டுக்கொண்டேதான் நாற்று நடுகிறோம். நீ ஒரு மாதம் பட்டதற்கு இரண்டு பக்கம் எழுதுகிறாய்.

உன் வாயால் ஒன்றும் ஆகாது என்றால் அந்த வெள்ளைக்காரப் பையனைப் பேசச் சொல்லு. அவன் தும்மினால்கூட சாமிதுரை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வார்.

அருள்மேரி


தஞ்சாவூர்
27.4.1998

அக்கா,

நீங்கள் கோபத்தில் எழுதினீர்கள். நான் அதையே செய்துவிட்டேன்.

சனிக்கிழமை பாசனதாரர் கூட்டத்தில் நீங்கள் பின்வரிசையில் நின்று கைதட்டியதைப் பார்த்தேன். இந்தத் தடவை கயிறு எதையும் கட்டவில்லை. ஆனால் எதற்குக் கைதட்டினீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தரை உயரத்தைப் பற்றி ஒரு பக்கம் பிரெஞ்சில் எழுதி லூக்கிடம் கொடுத்திருந்தேன். அவன் படிக்க வேண்டும், நான் தமிழில் சொல்ல வேண்டும். என் வார்த்தைக்கு நானே மொழிபெயர்ப்பாளன். அந்தக் கேவலத்துக்கும் ஒத்துக்கொண்டேன். மேடை ஏறிய பிறகு பார்த்தால் அவன் தாளை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். இறங்கிப் போய் எடுத்துவர விடவில்லை, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு வாயில் வந்ததைப் பேசினான்.

"இந்த ஊர் இளநீர் மிக இனிப்பு" என்றான்.

நான் தமிழில் சொன்னேன்: "கடைமடைக் கண்ணின் தரை, பழைய தரையைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது."

"எங்கள் ஊரில் இவ்வளவு கொக்கு கிடையாது. கொசுவும் கிடையாது" என்றான்.

"இதைக் கொத்தி இறக்காமல் எங்கள் கம்பெனி கையெழுத்துப் போடாது" என்றேன்.

கூட்டம் தட்டியது. அவனுக்கு ஒரே சந்தோஷம். கொக்குக்கு இவ்வளவு கைதட்டலா என்று நினைத்திருப்பான். சாமிதுரை எழுந்து, "சாரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன? திங்கக்கெழமையே கொத்த ஆளு வுட்டுர்றேன்" என்றார். மூன்று கடிதத்துக்கு வராத பதில் மூன்று நிமிஷத்தில் வந்தது.

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். இறங்கி வரும்போது பக்கத்தில் வந்து, சுத்தமான பிரெஞ்சில், "முசியே, மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக இருந்தது" என்றார். குத்தாலத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மதுவாம். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எனக்கு உயிர் போய் வந்தது. காரைக்கால்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நான், காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்த ஆள் இருப்பார் என்று யோசிக்கவில்லை. "யாருக்கும் சொல்லாதீங்க பாய்" என்றேன். "சேச்சே" என்றார்.

வேலை முடிந்தது அக்கா. தண்ணீர் வந்தால் சரி.

சகாயராஜ்


மணற்குடி
4.5.1998

சகாயராஜ்,

வேலை முடியவில்லை. கொத்த வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பக்கீர் பாய் சொல்லாமல் இருப்பாரா? அவர் கெட்ட மனுஷர் இல்லை. உன்னை மெச்சித்தான் சொன்னாராம், தன் கடையில் எடை போடுகிற இப்ராஹிமிடம் மட்டும். "அந்தப் பய இளநியப் பத்திப் பேசுறான், நம்ம புள்ள சென்டிமீட்டரா வுடுறான்!" என்று. இப்ராஹிம் டீக்கடையில் நடித்தே காட்டிவிட்டான். மறுநாள் இராஜாங்கம் காதில். அவர் காரைக்காலுக்கு ஆள் அனுப்பி நீ சொன்ன தெருவில் விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு குடும்பமே அங்கே இல்லை. அதற்குமேல் கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்? இப்போது ஊருக்கே தெரியும்.

"தெற்குத்தெருக்காரன் துரை பேரச் சொல்லி நம்மள ஏமாத்திட்டான்" என்று கையெழுத்து வாங்கி உங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபத்திரண்டு சென்டிமீட்டரும் பொய் என்கிறார்கள். அளவை யாரும் சரிபார்க்கவில்லை. அளந்தவன் எந்தத் தெரு என்று மட்டும் சரிபார்த்துவிட்டார்கள்.

நம் தெருவிலும் கேள். நீ போன வாரம் வாங்கிக் கொடுத்த நல்ல பெயர் யாருக்குப் போயிற்று தெரியுமா? லூக்குக்கு. "வெள்ளக்காரன்னா வெள்ளக்காரந்தான், நமக்காக நின்னான் பாரு" என்று உன் அத்தானே சொன்னார். நானும் தலையாட்டினேன். நம் பிள்ளை ஒருத்தன் படித்து, இன்ஜினியராகி, கருவியோடு வந்து நின்றும் அது எங்களுக்கே தெரியாமல் போயிற்று. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தண்ணீர் வேண்டும். ஆனால் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தால் அதைத் திருட்டு என்றுதான் சொல்வார்கள். நீ அளந்தது உண்மைதானே? அப்படியானால் வந்து, நீ யார் என்று சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் அள.

அருள்மேரி


தஞ்சாவூர்
7.5.1998

அக்கா,

கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் வந்துவிட்டது. திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி விமானம். காரணம்: எனக்குக் கடைமடையில் உறவினர்கள் இருப்பதால் நான் நடுநிலை வகிக்க முடியாதாம். லூக்கின் மாமன் மச்சான் யாரும் கடைமடையில் இல்லை, ஆகவே லூக் நடுநிலை. பொறுப்பு முழுக்க இனி அவனுக்கு. பாவம், அவன் என்னைவிட அதிகமாகப் பயந்து போயிருக்கிறான்.

மதகுப் பக்கம் நான் போகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். போனால் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்தேன். யோசித்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரையும் மதகுக்கு வரச் சொல்லுங்கள். இராஜாங்கத்தையும். அவர் வருவார், என்னைப் பார்த்துச் சிரிக்கவாவது வருவார். பழைய மதகின் பக்கச்சுவர் ஒன்றை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பலகை இறக்கும் பள்ளம், அந்தக் காடி, அதில் அப்படியே இருக்கிறது. அதன் அடிதான் பழைய தரை. அதை மண் போட்டு மூடிவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகாயராஜ்


லியோன்
2.6.1998

அக்கா,

இருபது நாளாகிறது. ஒரு வரிகூட இல்லை. தரையை இறக்கினார்களா?

வேலை போகவில்லை. மேஜை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் ஓரம். 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டாய்' என்றார் மேலதிகாரி. உங்கள் ஊர்க்காரர்கள் பொய்யன் என்றார்கள், இவர் உணர்ச்சிவசம் என்கிறார். பக்கத்து இருக்கைக்காரி, "சொந்த நாட்டுக்குப் போய் வந்தது எப்படி இருந்தது?" என்று கேட்டாள். இதே ஊரில் அவளோடு ஒரே கல்லூரியில் படித்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "நான் தெற்குத்தெரு பெரியநாயகசாமி பேரன்" என்று நான் சொன்னதும் இராஜாங்கம், "அதான பாத்தேன், இலையில ஒக்காந்த தினுசுலயே தெரிஞ்சுது" என்றார். அத்தனை பேர் சிரித்தார்கள். காது அடைத்துவிட்டது. கருவியின் காலை ஊன்றினேன். என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள் என்று நான் சொன்னது தைரியத்தால் இல்லை அக்கா. மட்டம் காட்டும் குமிழியை நடுவில் நிறுத்தியதோடு சரி, அளவு படிக்க முடியாமல் என் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் கருவிக்குள் பார்க்க இராஜாங்கத்தைக் கூப்பிட்டேன்.

லூக்கிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. அவனுக்குச் சால்வை போடப் போகிறார்களாம். மதகைப் பற்றி ஒன்றும் இல்லை. இளநீர் பற்றி இருந்தது.

தயவுசெய்து ஒரு வரி போடுங்கள்.

சகாயராஜ்


மணற்குடி
20.9.1998

தம்பி சகாயராஜுக்கு,

வேண்டுமென்றுதான் பதில் போடவில்லை. தண்ணீர் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். 'இறக்கிவிட்டோம்' என்று சொன்னதை நம்பி எழுதி, பிறகு வராவிட்டால்? எத்தனை பேர் சொன்னதை நம்பியிருக்கிறோம்.

வந்துவிட்டது. பத்து நாளாகக் கடைமடையில் ஓடுகிறது. முதல் மூன்று நாள் வாய்க்காலில் கெண்டைக்கால் அளவுதான் தண்ணீர், அப்போதும் எங்கள் கண்ணில் ஏறியது. நம் இரண்டு மா நிலத்துக்கும் நாற்று விட்டாகிவிட்டது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் கருவிக்குள் கண்ணை வைக்க இராஜாங்கத்தைக் கூப்பிட்டாய் பார், உன் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரியாது, நீ பெரிய தந்திரம் செய்கிறாய் என்று நினைத்தேன். அவர், "நானும் பி.யூ.சி. படிச்சவந்தான்டா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பழைய தரையில் அளவுகோலை நிறுத்தியதும் "ஒண்ணு எண்பத்தாறு" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். புதுத் தரையில் நிறுத்தியதும் "ஒண்ணு அறுபத்திநாலு" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் பக்கச்சுவரில் கரியால் எழுதிக் கழித்தேன். பால்வாடிப் பிள்ளைகள் சேர்ந்து "இருவத்திரெண்டு" என்று கத்தின. இப்போது அளந்தவன் தெற்குத்தெரு இல்லையே, இராஜாங்கம்தானே. அவர் வாயால் சொன்னதை எந்தத் தெரு என்று யாரிடம் விசாரிப்பது? பக்கீர் பாய் வேறு, "எழுதிக்குங்க சாமிதுரை, மெராசுதாரே படிச்சுட்டாரு" என்று நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வாய் நீளமானதற்குப் பரிகாரமாம்.

ஆனாலும் ஆபீசில் லூக் கையெழுத்துதான் வேண்டும் என்றார்கள். போட்டான். மே கடைசியில் கொத்தி, இறக்கிப் பூசினார்கள். கல் வைத்திருக்கிறார்கள். 'பிரான்சு நாட்டுப் பொறியாளர் திரு. லூக் அவர்களின் அறிவுரைப்படி' என்று போட்டிருக்கிறது. கீழே இராஜாங்கம் பெயர், சாமிதுரை பெயர். உன் பெயர் இல்லை. சண்டை போட்டேன். "அவருதான் போயிட்டாரேம்மா" என்றார் சாமிதுரை. லூக்கும் அந்த வாரமே போய்விட்டான், அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அடங்கவில்லை. ஆனால் தரை பூசின அன்று சாயங்காலம் சிமெண்டு ஈரமாக இருந்தபோது அரிவாளோடு இறங்கிவிட்டேன். கொத்தனார், "யக்கோவ், இன்ஜினியரு திட்டுவாரு" என்றார். "தண்ணிக்கு அடியில எந்த இன்ஜினியரு வந்து படிக்கப்போறாரு?" என்றேன். அரிவாள் முனையால் எழுதினேன். 'சகாயராஜ், தெற்குத்தெரு'. எழுத்து கோணல்தான். ஆழமாக எழுதினேன்.

இப்போது அதன்மேல் தண்ணீர் ஓடுகிறது, பெயர் தெரியவில்லை. தெரியாமல் இருக்கிறவரைக்கும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், எங்களுக்குப் பயம் இல்லை.

பிப்ரவரி கடைசியில் வாய்க்கால் காயும். அப்போது தெரியும், வந்து பார். முதல் சாப்பாடு எங்கள் வீட்டில். விரால் கிடைக்காவிட்டால் கெண்டை.

கயிறு இல்லாத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

அருள்மேரி அக்கா

பி.கு.: உறை மேல் உன் முகவரியைப் பக்கீர் பாய் எழுதிக் கொடுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் இப்ராஹிம் நடித்துக் காட்டுவான்.